கச்சேரிப் பட்டியலை நினைவிலிருந்து எழுதாதீர்கள்: மின்னணு இசை மேடையில் பாலின ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் வழிகள்

மின்னணு இசைக்கோ பரிசோதனை இசைக்கோ ஒரு நிகழ்ச்சியைத் தொகுக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், முதலில் ஒரு தாளை எடுத்து, யாரையும் கேட்காமல், எங்கும் தேடாமல், நீங்கள் அழைக்க விரும்பும் பன்னிரண்டு கலைஞர்களின் பெயரை எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இரண்டோ மூன்றோ இருக்கும். சிலருக்கு ஒன்றுகூட இராது. நான் இதை முதன்முறை செய்தபோது ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, அதுவும் பன்னிரண்டாவதாக. இந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டாம். இது அழைப்புப் பட்டியலாகப் பயன்படாது. ஆனால் உங்கள் நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று கிடைக்காது.

நீங்கள் வேண்டுமென்றே யாரையும் ஒதுக்கவில்லை. முன்பு கேட்ட கச்சேரிகள், படித்த விமர்சனங்கள், இசைத்தட்டு உறைகளில் கண்ட பெயர்கள் ஆகியவற்றின் வண்டல்தான் நம் நினைவு. அங்கெல்லாம் விடுபட்டவர்கள் இங்கும் விடுபடுகிறார்கள். நாளை உங்கள் நிகழ்ச்சிக்கு வந்து கேட்கும் ஒருவர் பின்னொரு நாள் ஒரு பட்டியல் எழுதும்போது உங்கள் மேடையே அவருக்கு நினைவாகிறது. ஆகவே இந்த வழிகாட்டியின் முறைகள் எல்லாம், நினைவிலிருந்து பட்டியல் போடும் பழக்கத்தை ஒவ்வொரு கட்டத்திலும் உடைப்பதையே நோக்கமாகக் கொண்டவை. சிறு கச்சேரித் தொடர் நடத்துபவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்; பெரிய விழாக்களுக்கும் இசை வெளியீட்டகங்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

விடுபட்ட பெயர்கள்

பட்டியலைத் திருத்துவதற்கு முன், அது எப்படிக் கோணியது என்பதை அறிந்துகொள்வது நல்லது. இத்துறையில் பெண்கள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவர்கள் என்ற எண்ணம் இன்றும் பரவலாக இருக்கிறது. உண்மை வேறு. பிரிட்டிஷ் இசையமைப்பாளர் டாஃப்னி ஓரம் 1949ஆம் ஆண்டிலேயே இரண்டு இசைக்குழுக்கள், இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள்கள், மின்னணு ஒலிமாற்றம் ஆகியவற்றை ஒன்றிணைத்து ‘ஸ்டில் பாயிண்ட்’ என்ற படைப்பை எழுதினார். 2003இல் அவர் இறக்கும்வரை அது அரங்கேறவில்லை. பிபிசி ஆண்டுதோறும் நடத்தும் ப்ராம்ஸ் இசை விழாவில் அது ஒலித்தது 2018இல்தான். ஒலிபரப்பு நிகழ்ச்சிகளுக்கு மின்னணு ஒலிகளை உருவாக்கித் தந்த, பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் 1958இல் தொடங்கப்பட்டபோது அதை நிறுவியவர்களில் ஒருவர் ஓரம். மறு ஆண்டே அங்கிருந்து விலகி, 35 மில்லிமீட்டர் படச்சுருளில் வரையப்படும் கோடுகளை ஒலியாக மாற்றும் ‘ஓராமிக்ஸ்’ என்ற கருவியைத் தம் சொந்த ஸ்டுடியோவில் உருவாக்கினார்.

மற்றொரு பிரிட்டிஷ் இசைக் கலைஞரான டிலியா டெர்பிஷயரின் கதை இன்னும் கூர்மையானது. கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்துவிட்டு 1959இல் ஓர் ஒலிப்பதிவு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஸ்டுடியோவில் பெண்களை அமர்த்துவதில்லை என்று பதில் வந்தது. பின்னர் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் சேர்ந்த அவர், இசையமைப்பாளர் ரான் கிரெய்னர் காகிதத்தில் எழுதித் தந்த ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை, 1963இல் அலையியற்றிகள் என்ற மின்கருவிகளின் ஒலிகளைப் பதிவுசெய்து, ஒலிநாடாவை அங்குல அங்குலமாக வெட்டி ஒட்டி உருவாக்கினார். அந்த இசைக்குத் தம்முடன் டெர்பிஷயர் பெயரும் சேர வேண்டும் என்று கிரெய்னரே விரும்பினார். நிறுவன விதி இடம் தரவில்லை. திரையில் டெர்பிஷயர் பெயர் வந்தது 2013இல், அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின். அவர் வீட்டுப் பரணில் 267 ஒலிநாடாக்கள் கிடந்தன.

இவர்கள் இருவரும் விதிவிலக்குகள் அல்லர். டென்மார்க்கில் எல்ஸ மரீ பாத, ஏ.ஆர்.பி. 2500 என்ற சிந்தசைசரோடு (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) பல்லாண்டுகள் தனித்து உழைத்த பிரான்ஸின் எலியான் ரதீக், அர்ஜென்டினாவிலிருந்து பாரிஸுக்கு வந்து ஒலிநாடா இசையில் ஈடுபட்ட பெயாட்ரிஸ் ஃபெரேரா, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கணினியைக் கொண்டு இசையமைத்த லோரி ஸ்பீகல், 1969இல் அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசருடன் அமைந்த ஸ்டுடியோவில் பணியாற்றிய கீதா சாராபாய் என்று வரிசை நீள்கிறது. ஆள் இருந்தார்கள், பெயரைக் கொண்டுசேர்க்கும் வழிதான் அடைபட்டிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மறைந்த முன்னோடிகளைக் கொண்டாடுவது எளிது. அவர்களுக்கு ஊதியம் தர வேண்டியதில்லை, அவர்கள் நேரம் கேட்பதும் இல்லை. முன்னோடிப் பெண்களைப் பற்றிய ஆவணப்படத்தை மாலையில் திரையிட்டுவிட்டு, இரவு மேடையில் ஆண்களை மட்டும் ஏற்றிய நிகழ்ச்சிகளை நான் பார்த்திருக்கிறேன். வரலாறு உங்களுக்கு வேண்டியது தேடும் இடத்தை மாற்றிக்கொள்வதற்கே.

எண்ணுவது எப்படி

அடுத்த வேலை, கடந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் நடத்திய நிகழ்ச்சிகள் அனைத்தையும் எண்ணுவது. இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. வியன்னாவைச் சேர்ந்த டிஜேயும் இசையமைப்பாளருமான எலக்ட்ரிக் இண்டிகோ 1998இல் தொடங்கிய ‘ஃபீமேல் பிரஷர்’ என்ற வலையமைப்பு, மின்னணு இசை விழாக்களில் யார் யார் மேடையேறுகிறார்கள் என்பதை எண்ணி, 2013 முதல் ‘ஃபேக்ட்ஸ்’ என்ற தலைப்பில் அறிக்கைகள் வெளியிட்டுவருகிறது. அவற்றின்படி 2012இல் பெண் கலைஞர்களின் பங்கு ஏறத்தாழ 9 விழுக்காடு; 2020–21இல் அது கால்பங்கைச் சற்றே தாண்டியது. எண்ணத் தொடங்கிய பிறகே அமைப்பாளர்கள் தங்கள் பட்டியலைப் பார்த்து வெட்கப்படவும் மாற்றவும் செய்தார்கள் என்பது என் கணிப்பு. அதற்கு முன் எல்லாருக்கும் ‘ஓரளவு சமமாகத்தான் இருக்கிறது’ என்ற நினைப்பே இருந்தது.

எண்ணும்போது தலைகளை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். இருபது நிகழ்வுகள் கொண்ட ஒரு விழாவில் ஐந்தைப் பெண்கள் நிகழ்த்துகிறார்கள் என்றால் அவர்கள் பங்கு 25 விழுக்காடு. ஆனால் அந்த ஐந்தும் தலா அரை மணி நேரத் தொடக்க நிகழ்வுகளாகவும், மற்றப் பதினைந்தும் தலா ஒரு மணி நேரமாகவும் இருந்தால், மொத்தம் 1,050 நிமிடங்களில் பெண்களுக்குக் கிடைத்தது 150 நிமிடம், அதாவது 14 விழுக்காடு மட்டுமே. ஊதியத்தை எண்ணினால் இன்னும் சுருங்கக்கூடும். ஆகவே நிகழ்வு, நிமிடம், ஊதியம், வரிசையில் இடம் என நான்கையும் தனித்தனி நிரல்களாகக் குறியுங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்த குழுக்களைத் தனியாக எண்ணுங்கள். ஐந்து ஆண்களோடு ஒரு பெண் இருக்கும் குழுவைப் பெண்கள் கணக்கில் சேர்ப்பது கணக்கு ஆகாது.

பெயரையோ படத்தையோ பார்த்துப் பாலினத்தை ஊகிக்கவும் கூடாது. மேடைப் பெயர்கள் நிறைந்த இத்துறையில் ஊகம் அடிக்கடி தவறும். கலைஞர் தம்மைப் பற்றி வெளியிட்ட குறிப்பில் தம்மை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அதுவே கணக்கு. இரண்டிலும் அடங்காதவர்களுக்கு ஒரு நிரலும், தெரியாதவர்களுக்கு ஒரு நிரலும் வையுங்கள். திருநங்கையரைப் பெண்களோடு எண்ண வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையே இருக்கக் கூடாது. ஆனால் தேவையாகத்தான் இருக்கிறது.

தேடலும் தேர்வும்

புதிய நிகழ்ச்சிக்கான நெடும்பட்டியலை இனித் தொடங்கலாம். பன்னிரண்டு பேர் வேண்டுமென்றால் நாற்பது பெயர்களையாவது திரட்டுங்கள். அதில் பாதிப் பேராவது பெண்களாகவும் இருபாலில் அடங்காதவர்களாகவும் இருக்கும்வரை தேர்வைத் தொடங்குவதில்லை என்று ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எந்த விதியையும்விட இது நன்றாக வேலை செய்வதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ஏனெனில் இது முடிவில் யாரையும் திணிக்கச் சொல்லவில்லை. தேடும் உழைப்பை மட்டுமே கட்டாயமாக்குகிறது. இலக்கையே அறிவித்துவிடுவது மற்றொரு வழி: ‘கீசேஞ்ச்’ முன்னெடுப்பின்கீழ் 2018இல் 45 விழாக்கள், 2022க்குள் மேடையில் சமபங்கை எட்டுவோம் என்று வெளிப்படையாக உறுதி ஏற்றன. வெளியே சொல்லிவிட்ட பின் பின்வாங்குவது கடினம் என்பதே அதன் பலம்.

எங்கே தேடுவது? ஃபீமேல் பிரஷர் வைத்திருக்கும் பெயர்த்திரட்டில் ஊர்வாரியாகவும் பணிவாரியாகவும் தேடலாம். இசைக் கல்லூரிகளின் இறுதியாண்டு நிகழ்ச்சிகளுக்கு நேரில் செல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த இசைத்தட்டுகளின் உறையில், முகப்புப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் நன்றிக் குறிப்புகளையும் ஒலிக்கலவைக் குறிப்புகளையும் படியுங்கள். மற்றவர் பெயரில் வேலை செய்துகொண்டிருப்பவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள். நண்பர்களிடம் பரிந்துரை கேட்பதை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரை என்பது இன்னொருவரின் நினைவு. உங்கள் நினைவுக்கு உள்ள நோய் அதற்கும் உண்டு.

இந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர், “எங்களுக்குப் பாலினம் பொருட்டில்லை, தரம் மட்டுமே பொருட்டு” என்பார். பெரும்பாலும் அவர் அதை மனமாரத்தான் சொல்வார். ஆகவே கோபப்படாமல் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். சுருதி சேர்ந்ததா, தாளம் தப்பியதா என்று உரசிப் பார்க்க ஓர் உரைகல் இருக்கும் இசைமரபுகள் உண்டு. பரிசோதனை இசை அப்படிப்பட்ட உரைகல்லை வேண்டாம் என்று தூக்கிப்போட்டுவிட்டுப் பிறந்தது. இரைச்சலும் மௌனமும் நாற்பது நிமிடம் நீளும் ஒற்றைச் சுரமும் முதல் தடவை கேட்கும்போது பலருக்குத் தரமாகத் தோன்றுவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு, யாரோ அதைப் பற்றி எழுதி, மதிப்புள்ள மேடையில் மீண்டும் கேட்ட பிறகே காது பழகுகிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்ததோ அவர்களுடைய இசை தரமாகத் தெரிகிறது. எனவே தரத்தைத்தான் பார்க்கிறோம் என்பவர், நெடும்பட்டியலில் இருக்கும் அறியாத பெயர் ஒவ்வொன்றின் படைப்பையும் முழுதாக, மூன்று முறையாவது கேட்டாரா என்று அன்போடு கேளுங்கள். வாதத்தை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

திறந்த அழைப்பு விடுத்தால் பெயர்களை மறைத்துக் கேட்பது பயன்தரும். ஒலிக்கோப்புகளுக்கு எண்ணிட்டு, தன்குறிப்பை இரண்டாம் சுற்றுவரை பிரித்து வையுங்கள். ஆனால் இது மருந்தில் பாதிதான்: பெயரை மறைப்பது கேட்பவரின் சாய்வைக் குறைக்கும்; விண்ணப்பிக்காதவரை அது கொண்டுவராது. நூறு விண்ணப்பங்களில் பத்துதான் பெண்களுடையவை என்றால், எவ்வளவு நடுநிலையாகக் கேட்டாலும் முடிவு அதையொட்டியே அமையும். விண்ணப்பங்கள் பெருக வேண்டுமானால் அழைப்பின் வாசகத்தைப் பாருங்கள். ‘குறைந்தது மூன்று வெளியீடுகள்’, ‘பெயர்பெற்ற விழாக்களில் நிகழ்த்திய அனுபவம்’ என்ற தகுதிகள் நடுநிலையானவை போலத் தோன்றினாலும், முந்தைய மேடைகளின் ஏற்றத்தாழ்வை அப்படியே இங்கு இறக்குமதி செய்கின்றன. ஊதியம், நிகழ்வின் நீளம், மேடையில் இருக்கும் கருவிகள், பயணச் செலவை யார் ஏற்பது ஆகியவற்றை அழைப்பிலேயே எழுதுங்கள். தெளிவில்லாத அழைப்பைக் கண்டதும் ‘கேட்டுப் பார்க்கலாம்’ என்று எழுதத் துணிபவர்கள், ஏற்கெனவே உள்ளே ஆள் தெரிந்தவர்களே.

அழைத்த பெண் கலைஞர் மறுத்தால், “கேட்டோம், வரவில்லை” என்று குறித்துவிட்டு அடுத்த ஆண் பெயருக்குத் தாவுவது நிறைய நடக்கிறது. மறுப்புக்குக் காரணம் கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள். கொடுத்த அவகாசம் குறுகியதா, ஊதியம் போதவில்லையா, நள்ளிரவு நேரமா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா என்பது சில மாதங்களில் ஒரு வடிவமாகத் தெரியவரும்; அவற்றில் பெரும்பாலானவை உங்களால் மாற்றக்கூடியவை. மறுத்தவரின் இடத்தை நெடும்பட்டியலில் அடுத்துள்ள பெண்ணுக்கு அளியுங்கள். ஏற்கெனவே எல்லா விழாக்களும் அழைக்கும் அதே மூன்று பெயர்களை நீங்களும் அழைத்து எண்ணிக்கையை நிரப்புவதும் தவிர்க்க வேண்டியதே. அவர்கள் களைத்துப்போவார்கள், மற்றவர்கள் வெளியே நிற்பார்கள்.

ஊதியத்தைப் பெயர் முடிவாவதற்கு முன்பே இடத்துக்கு நிர்ணயித்துவிடுங்கள். இரண்டாம் இடத்துக்கு இவ்வளவு, நிறைவு நிகழ்வுக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டால் பேரம் பேசத் தெரிந்தவருக்கு அதிகமும் தயங்குபவருக்குக் குறைவும் போகாது.

பெண்களை மட்டும் கொண்ட சிறப்பு மாலை நடத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆண்டு முழுவதும் உங்கள் மேடை சமமாக இருந்தால் தாராளமாக நடத்துங்கள். மார்ச் மாதத்தில் ஒரு நாள் நடத்திவிட்டு மற்றப் பதினொரு மாதங்களுக்கு அதையே கேடயமாகப் பிடிப்பதாக இருந்தால் வேண்டாம்.

மேடையில்

கலைஞர் வந்து சேர்ந்த பின் நடப்பவையே, அவர் மறுபடி வருவாரா என்பதைத் தீர்மானிக்கின்றன. நிகழ்ச்சிக்கு முந்தைய ஒலிச்சோதனையான சவுண்ட் செக்கில் ஒலிப்பொறியாளர் அவருடைய சொந்த மிக்சரை அவருக்கே விளக்கத் தொடங்குவது, கேள்வியை அவரிடம் கேட்காமல் உடன்வந்த ஆணிடம் கேட்பது, இருவர் குழுவில் ஆண் கருவிகளை இயக்குவார் என்றும் பெண் பாடுவார் என்றும் தாமே முடிவு செய்துகொள்வது ஆகியவை இத்துறையில் இருக்கும் பெண்கள் பலரும் சலிப்போடு சொல்பவை. இதற்குப் பெரிய பயிற்சி வகுப்பு வேண்டியதில்லை. கருவிகளின் இணைப்பு விவரத்தைக் கலைஞரிடமிருந்தே முன்கூட்டி எழுத்தில் வாங்கி, அதில் அவர் பெயரை முதலில் எழுதி, ஒலிப்பொறியாளரிடம் கொடுத்து, “எது கேட்பதானாலும் இவரிடம்தான் கேட்க வேண்டும்” என்று நேரடியாகச் சொல்லுங்கள். எல்லாருக்கும் ஒரே அளவு சோதனை நேரம் கொடுங்கள். தாமதமானால் முதலில் வெட்டப்படுவது தொடக்க நிகழ்வின் நேரம்தான் என்பதையும், அந்த இடத்தில் யாரை வைத்திருக்கிறீர்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இரவில் அரங்கிலிருந்து தங்குமிடம் வரை போக்குவரத்தை ஏற்பாடு செய்யுங்கள். தொல்லை நேர்ந்தால் யாரை அழைப்பது என்று ஒருவருடைய பெயரையும் எண்ணையும் எல்லாக் கலைஞர்களிடமும் முன்பே கொடுத்துவிடுங்கள். அந்த ஒருவர் நிகழ்ச்சியின் உரிமையாளராகவோ அவருடைய நண்பராகவோ இருக்கக் கூடாது.

அறிவிப்பு எழுதும்போது

அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் 1970இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், இசையமைப்பாளர்களைப் ‘பெண் இசையமைப்பாளர்’ என்று தனி முத்திரையிட்டு அழைப்பதை எதிர்த்தார். அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த முத்திரை போகவில்லை. தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு: ‘அவர் வாசித்தார்’, ‘அவர் இயற்றினார்’ என்று எழுதும்போது மொழியே மரியாதையோடு பாலினத்தை விலக்கிவிடுகிறது, ‘கலைஞர்’, ‘இசையமைப்பாளர்’ என்பனவும் அப்படியே. கிடைத்த வசதியைப் ‘பெண் டிஜே’, ‘இளம்பெண்ணின் சிந்தசைசர் சாகசம்’ என்று எழுதி நாமே கெடுத்துக்கொள்கிறோம். ஆண் கலைஞரின் குறிப்பில் கருவி, முறை, முந்தைய படைப்பு ஆகியவை இடம்பெறும் அதே வரிசையில் பெண் கலைஞரின் குறிப்பிலும் இடம்பெறட்டும். உடை, குரலின் இனிமை, யாருடைய மனைவி என்பவை இரண்டு குறிப்புகளிலும் வேண்டாம்.

படமும் அறிவிப்பின் பகுதியே. ஐஸ்லாந்துப் பாடகரும் இசையமைப்பாளருமான பியோர்க் 2015இல் அளித்த ஒரு நேர்காணலில், 2001இல் வெளியான தம் ‘வெஸ்பர்டைன்’ தொகுப்பின் தாள அமைப்புகளில் பெரும்பகுதியை மூன்றாண்டு உழைத்துத் தாமே செய்திருந்தும், கடைசி இரண்டு வாரங்களில் வந்து சேர்ந்த ஆண் கலைஞர்களே அனைத்தையும் செய்ததாக எங்கும் எழுதப்பட்டதைச் சொன்னார். பெண்கள் கருவிகளோடு இருக்கும் படங்கள் இல்லாததும் இதற்கு ஒரு காரணம் என்பது அந்த உரையாடலில் வந்த கருத்து. உங்கள் நிழற்படக்காரரிடம், கலைஞர் கருவியை இயக்கும் கைகளோடு தெரியும் படங்கள் வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

பட்டறைகள்

மேடைக்கு வரும் வழி வகுப்பறையில் தொடங்குகிறது. பிரிட்டனின் இசைத் தொழில்நுட்பப் பட்டப் படிப்புகளை ஆராய்ந்த ஜார்ஜினா போர்ன், கைல் டிவைன் இருவரும், மாணவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஆண்கள் என்று 2015இல் எழுதினர்; அதே நாட்டில் மரபான இசைப் படிப்புகளில் இப்படி இல்லை. ஆக, இசையில் ஆர்வமின்மை இங்கு காரணமன்று. கருவி எங்கே நுழைகிறதோ அங்கே பெண்கள் குறைகிறார்கள். நீங்கள் பட்டறை நடத்தினால், யார் கை கருவியில் இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டு பேருக்கு ஒரு சிந்தசைசர் என்று கொடுத்துவிட்டால், ஏற்கெனவே தொட்டுப் பழகியவர் இயக்குவார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும் என்று மணியடியுங்கள். இணைப்பைத் தவறாகச் செருகினால் பழுதாகுமோ என்ற அச்சம் புதியவர்களுக்கு இருக்கும். எதைத் தவறாகச் செருகினாலும் ஒன்றும் ஆகாத கருவிகளை முதல் நாளுக்குத் தேர்ந்தெடுங்கள். பெண்களுக்கு மட்டுமான தொடக்கப் பட்டறையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன், ஏனெனில் தவறு செய்து பழகுவதற்கு ஆள் பார்க்காத இடம் எல்லாருக்கும் தேவை. பட்டறை முடிந்ததும் கருவிகளைச் சில வாரங்களுக்கு இரவல் கொடுக்க முடிந்தால், பட்டறையைவிட அந்த இரவல் அதிகம் கற்பிக்கும்.

நிகழ்ச்சி முடிந்த பின்

இனி மிஞ்சுவது பதிவும் பெயரும். யார் இயற்றினார், யார் ஒலியை வடிவமைத்தார், யார் கணினி நிரல் எழுதினார், யார் கலவை செய்தார் என்று தனித்தனியாகக் கேட்டு, நிகழ்ச்சி நாளன்றே கலைஞரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒத்துழைத்து உருவாக்கிய படைப்பில் ‘உதவி’ என்ற சொல்லை யாராவது எழுதச் சொன்னால், அந்த உதவி என்ன என்று விரித்து எழுதச் சொல்லுங்கள். பல நேரம் படைப்பின் பாதி அதற்குள் ஒளிந்திருக்கும். ஒலிக்கோப்பின் பெயரிலேயே கலைஞர் பெயர், படைப்பின் பெயர், தேதி மூன்றும் இருக்கட்டும். ஒரு படியைக் கலைஞரிடம் கொடுங்கள், ஒரு படியை உங்களுக்குத் தொடர்பில்லாத ஒரு நூலகத்திலோ காப்பகத்திலோ சேருங்கள். அடுத்த ஆண்டுக்கான நெடும்பட்டியலை எழுத உட்காரும்போது இந்தக் கோப்புகளையும், மறுப்புகளைக் குறித்த தாளையும், முதல் நாளில் நினைவிலிருந்து எழுதிய அந்தப் பன்னிரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.